19 வருஷப் பழைய கேபின் போட், சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாங்க, வாங்கலாமா?

கடிதம் எழுதினவருக்கு 47 வயசு. மனைவி, 13 வயசுல பொண்ணு, 9 வயசுல பையன், கூடவே 74 வயசு அப்பா, அவருக்கு முழங்கால் வலி. வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துல பெரிய ஏரி இருக்கு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா கடலோட சேர்ற வளைகுடா. சொந்தமா போட் வாங்கணும்ங்கிறது பல வருஷத்து ஆசை. இப்ப 26 அடியில, கேபின் வச்ச, 19 வருஷம் பழசான ஃபைபர் போட் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. எஞ்சின் உள்ளேயே இருக்குற பெட்ரோல் எஞ்சின், பின்னாடி ஸ்டெர்ன் டிரைவ் (எஞ்சின் சக்தியை ப்ரொப்பல்லருக்குக் கொண்டுபோற, பின்பக்கம் வெளிய தொங்குற பாகம்). மீட்டர்ல 210 மணி நேரம்தான் காட்டுது, பெயின்ட் இப்பதான் அடிச்சிருக்கு. விக்கிறவர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க, சர்வே எல்லாம் வீண் செலவு, போன வருஷம் எடுத்த ரிப்போர்ட் என்கிட்டயே இருக்கு"ன்னு சொல்றாராம். பாதிப் பணம் சேமிப்புல இருந்து, பாதி லோன். மனைவிக்கு இஷ்டமில்ல, வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமேன்னு சொல்றாங்க. இவர் கேக்குறது மூணு: இதை வாங்கலாமா, வேற வகை எதாவது நல்லதா, மனைவியை எப்படி சம்மதிக்க வைக்கிறது.

வணக்கம் சார். நான் மரைன் சர்வேயர். போட்டைக் கரையில ஏத்தி வச்சு, தட்டிப் பார்த்து, குனிஞ்சு நிமிர்ந்து, ரிப்போர்ட் எழுதுறதுதான் என் பிழைப்பு, அதனால என் பதிலும் அந்தப் பக்கத்துல இருந்துதான் வரும். முதல்லயே சொல்லிடுறேன், சனிக்கிழமை அட்வான்ஸ் குடுக்காதீங்க. அந்த போட் மோசம்னு நான் சொல்லல, பார்க்காம அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனா நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா அது உங்களுக்கான போட் இல்ல, அந்த அவசரமும் உங்களுக்கானது இல்ல.

ஏன்னு சொல்றேன். போட்டைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க, அதுல என்ன பண்ணப் போறீங்கன்னு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க: "மாசம் ரெண்டு தடவை குடும்பத்தோட ஏரியில சுத்தணும், எப்பவாவது வளைகுடாவுல மீன் பிடிக்கணும்." போட் தேர்வு பண்றதுக்கு அந்த ஒரு வரி போதும், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். எந்தத் தண்ணி, எத்தனை பேர், எவ்வளவு நேரம், ராத்திரி தங்குவோமா, போட்டை எங்க நிறுத்துவோம். நீங்க ராத்திரி தங்கப் போறதில்ல. அப்ப கேபின் எதுக்கு? முன்பக்கம் பாதி இடத்தை அது எடுத்துக்கும், பிள்ளைங்க ரெண்டும் பின்பக்கமே நெருக்கி உக்காரணும், கேபினோட பக்கச் சுவர்ல காத்து மோதி படகுத்துறையில கட்டுறப்ப உங்களைத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

இதுல எடையும் இருக்கு. 20 அடி போட்டுக்கும் 26 அடி போட்டுக்கும் 6 அடிதான் வித்தியாசம்னு தோணும், ஆனா நீளத்தோட அகலமும் உயரமும் சேர்ந்து கூடுறதால எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடும். அந்த கேபின் போட்டை எரிபொருள், சாமான், டிரெய்லரோட சேர்த்தா 3 டன்னைத் தாண்டும், சாதாரணக் குடும்பக் கார் இழுக்காது. இழுக்க முடியலைன்னா வருஷம் முழுக்க தண்ணியிலேயே கட்டி வைக்கணும். கட்டி வச்சா மூரிங் வாடகை, அதாவது போட் கட்டுற இடத்துக்கான வாடகை (அது பெரும்பாலும் நீளத்தை வச்சுதான்), அடியில பாசியும் சிப்பியும் பிடிக்காம இருக்க ஆண்டிஃபவுலிங் பெயின்ட், அதை அடிக்க கிரேன் வச்சுத் தூக்குற செலவு. ஏரியிலயும் ஓட்டணும் வளைகுடாவுலயும் ஓட்டணும்னு நீங்க நினைக்கிறது, தண்ணியிலேயே கட்டிப்போட்ட போட்டுல நடக்கவே நடக்காது. ஏதாவது ஒரு இடத்துலதான் அது கிடக்கும்.

"26 அடி இருந்தா அலைக்குப் பயமில்ல"

இப்படி எழுதியிருக்கீங்க. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க, முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது, நீளமான போட் அலையில கொஞ்சம் நிதானமாத்தான் போகும். ஆனா எந்த அலைக்கு அந்த போட்டை டிசைன் பண்ணாங்கங்கிறது நீளத்துல இல்ல, அதுல ஒட்டியிருக்குற தகட்டுல இருக்கு. ஐரோப்பிய முறையில ஏ, பி, சி, டின்னு நாலு வகை. சி வகைன்னா பியூஃபோர்ட்ங்கிற காத்து வேக அளவுல 6 வரைக்கும் காத்து, 2 மீட்டர் வரைக்கும் அலை. டி வகைன்னா 4 வரைக்கும் காத்து, 0.3 மீட்டர் அலை, அதாவது அடங்கின தண்ணிக்கு மட்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை ஏத்தலாம்னும் தகட்டுலயே போட்டிருக்கும். அடுத்த தடவை போட் பார்க்கப் போனா சோஃபாவைப் பார்க்குறதுக்கு முன்னாடி அந்தத் தகட்டைப் பாருங்க.

அதே பத்தியில இன்னொண்ணும் எழுதியிருக்கீங்க, "எல்லாருக்கும் நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குள்ள இருந்தா போதும்"னு. இதை மட்டும் தயவுசெஞ்சு மாத்திக்கோங்க. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2023-க்கு வெளியிட்ட கணக்குப்படி பொழுதுபோக்கு போட் விபத்துல செத்தவங்கள்ல காரணம் தெரிஞ்ச வரைக்கும் 75 சதவீதம் பேர் முங்கிச் செத்தவங்க, அந்த முங்கினவங்கள்ல 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடல. குளிர்ந்த தண்ணியில திடீர்னு விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு தானா இழுத்துக்கும், அந்த நேரத்துல வாய்க்குள்ள தண்ணி போனா எவ்வளவு பெரிய நீச்சல்காரரா இருந்தாலும் கஷ்டம், அதுக்கப்புறம் கையும் காலும் மரத்துப் போக ஆரம்பிக்கும். தலையில அடிபட்டு விழுறவருக்கு நீச்சல் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பெட்டியில இருக்குற ஜாக்கெட்டை தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு போட முடியாது. ஓட்டுறவர் உடம்புல எஞ்சினை நிறுத்துற கயிறு மாட்டியிருக்கணும், அவர் விழுந்தா எஞ்சின் நின்னுடும், இல்லன்னா சுத்தி வந்து அவர் மேலயே ஏறலாம்.

210 மணி நேரமும் புது பெயின்ட்டும்

இந்த ரெண்டையும் பார்த்துதான் உங்களுக்கு ஆசை வந்திருக்கு, அதனால இதை விவரமாவே சொல்றேன்.

19 வருஷத்துல 210 மணி நேரம்னா வருஷத்துக்கு சராசரியா 11 மணி நேரம். கார்ல குறைஞ்ச கிலோமீட்டர் நல்லது, சரி. போட் எஞ்சின் சும்மா கிடந்தா கெடும். கூலிங் தண்ணி இழுக்குற பம்புக்குள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லர் ஒரே நிலையில மடங்கிக் கிடந்து இறுகிடும், சீல் காயும், டேங்க்ல பெட்ரோல் பழசாகும், எத்தனால் கலந்த பெட்ரோலா இருந்தா ஈரத்தை இழுத்துத் தண்ணி தனியா பிரிஞ்சு அடியில நிக்கும். உப்புத் தண்ணியில ஓடுற இன்போர்டு (உள்ளேயே இருக்குற) பெட்ரோல் எஞ்சின்ல புகையை வெளிய கொண்டுபோற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும், ஓடின மணி நேரம் குறைவுன்னு அதுக்குத் தெரியாது, வருஷம்தான் கணக்கு. அது ஓட்டையானா தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள இறங்கும். ஸ்டெர்ன் டிரைவ்ல ரப்பர் பெல்லோஸ்னு மடிப்பு மடிப்பா ஒரு உறை இருக்கு, அது தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குறது, வெடிச்சா போட் கட்டின இடத்துலயே முங்கும். இதுல எதெல்லாம் எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா எதையுமே மாத்தலன்னு வச்சுத்தான் விலை பேசணும். மீட்டரையே மாத்தியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால மீட்டரை விட பில்லை நம்புங்க.

போட்டைப் பார்க்கப் போறப்ப எஞ்சின் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, ஏன்னா குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறும், புகை கக்கும், அதை நீங்க பார்க்கக் கூடாது. ஆயில் கோலை உருவிப் பாருங்க, டிரைவ்ல இருக்குற கியர் ஆயிலையும் கொஞ்சம் வடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பால் கலந்த மாதிரி வெளுப்பா இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு.

அடுத்து பெயின்ட். விக்கிறதுக்கு முன்னாடி பெயின்ட் அடிக்கிறது குத்தம் இல்ல, ஆனா பெயின்ட்டுக்கு அடியில என்னன்னு தெரியாம வாங்கக் கூடாது. "ஃபைபர்தானே, உளுக்காது"ன்னு எழுதியிருக்கீங்க. ஃபைபர் உளுக்காது சார், அதுக்குள்ள வச்ச மரம் உளுக்கும். மேல்தளத்துல ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல பால்சா மரமோ ப்ளைவுட்டோ வச்சிருப்பாங்க, அமரப் பக்கம், அதாவது பின்பக்கம், டிரைவ் மாட்டுற சுவர் இருக்கே, டிரான்ஸம், அதுக்குள்ளயும் அந்தக் காலத்து போட் நிறையத்துல ப்ளைவுட்தான். ஒரு கைப்பிடியைக் கழட்டி மாட்டினப்ப ஸ்க்ரூ ஓட்டையைச் சரியா அடைக்கலைன்னா போதும், மழைத்தண்ணி சொட்டு சொட்டா இறங்கி உள்ள மரம் ஊறிப் போயிடும், வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். நாங்க சின்ன பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு ஜானா தட்டிக்கிட்டே போவோம். நல்ல இடத்துல டக் டக்னு துல்லியமாக் கேக்கும், ஊறின இடம் வந்ததும் சத்தம் தொப்புனு செத்துப் போகும், எல்லை எதுவரைக்கும்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டே வரலாம். அடிப்பாகத்துல சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தா அது ஆஸ்மோசிஸ், குத்தினா வர்ற தண்ணி வினிகர் மாதிரி புளிப்பா நாறும். நாலு கொப்புளம்னா பெரிய விஷயமில்ல, அடி முழுக்கன்னா பெரிய வேலை. புது பெயின்ட் இதையெல்லாம் ஒரு சீசனுக்கு மூடி வைக்கும். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க.

இன்னும் ஒண்ணு, இது உங்க பிள்ளைங்களுக்காக. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மேல போகாது, எஞ்சின் அறையோட அடித்தட்டுல தேங்கும், ஒரு சின்ன தீப்பொறி போதும். அதனால இந்த வகை போட்டுல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷமாவது பிளோவர், அதாவது ஆவியை வெளிய தள்ளுற விசிறி, ஓட்டணும், மூடியைத் திறந்து மூக்கை வச்சு முகர்ந்தும் பார்க்கணும். எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்குறப்ப பின்பக்க நீச்சல் மேடையில பிள்ளைங்க உக்காரவே கூடாது, அங்கதான் கார்பன் மோனாக்சைடு வந்து நிக்கும், நிறமும் இல்ல வாசனையும் இல்ல.

பணம், பேப்பர், இன்சூரன்ஸ்

பழைய போட் விலைதான் குறையும், செலவு குறையாது. புதுசுல அது என்ன விலை வித்துச்சோ அந்த விலைக்கேத்த பாகம்தான் இப்பவும் மாட்டணும், அதே நீளத்துக்குத்தான் வாடகை கட்டணும். வருஷச் செலவு போட் விலையில 10 சதவீதம்னு ஒரு பேச்சுக் கணக்கு புழக்கத்துல இருக்கு, மலிவா வாங்கின பழைய போட்டுக்கு அது பத்தவே பத்தாது. உங்ககிட்ட இருக்குற மொத்தத் தொகையில கால் பங்கையாவது முதல் வருஷ ரிப்பேருக்குன்னு ஒதுக்கிட்டு, மிச்சத்துலதான் போட் பார்க்கணும். சேமிப்பு முழுக்கப் போட்டு மீதிக்கு லோனும் வாங்கினா எஞ்சின் கோளாறு ஆகுற அன்னைக்கு கையில ஒண்ணும் இருக்காது, போட் ஓடாது, தவணை மட்டும் ஓடும்.

அவர் வச்சிருக்குற போன வருஷ சர்வே ரிப்போர்ட் அவருக்காக எழுதினது. காசு குடுத்து எழுதச் சொன்னவருக்குத்தான் சர்வேயர் பொதுவா பொறுப்பு, நீங்க அதை நம்பி வாங்கி நஷ்டப்பட்டா அந்த சர்வேயரைக் கேள்வி கேக்க உங்களுக்கு உரிமை இல்லாமப் போகலாம். இன்சூரன்ஸ்ல விலை போடுறதுக்காக மேலோட்டமாப் பார்த்ததாவும் இருக்கலாம். உங்க சர்வேயரை நீங்களே பிடிங்க, விக்கிறவரோ புரோக்கரோ சொல்ற ஆள் வேண்டாம். அது வீண் செலவும் இல்ல, ஏன்னா இவ்வளவு பழைய போட்டுன்னா இன்சூரன்ஸ் கம்பெனியே பெரும்பாலும் புது சர்வே கேப்பாங்க.

பதிவுப் பத்திரத்துல இருக்குற பேரும் விக்கிறவர் பேரும் ஒண்ணான்னு பாருங்க. டிரான்ஸம்ல வெளிப்பக்கம் வலது மேல்மூலையில ஹல் நம்பர் இருக்கும், 12 எழுத்து, நாட்டுக் குறியோட சேர்த்தா 14. அதைப் பத்திரத்தோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க, சுரண்டியிருந்தாலோ பெயின்ட் பூசி மறைச்சிருந்தாலோ திரும்பி வந்துடுங்க. அவர் மேல போட் லோன் பாக்கி இருந்தா பல இடங்கள்ல அந்தக் கடன் போட்டோடயே உங்ககிட்ட வந்துடும், கடன் தீர்ந்துச்சுன்னு கடன் குடுத்தவங்ககிட்ட இருந்தே எழுத்துல வேணும். இன்சூரன்ஸ் "எல்லாத்தையும் பார்த்துக்கும்"னு எழுதியிருக்கீங்க, அது சரியில்ல. மரம் உளுத்தது, துரு, தேய்மானம் மாதிரி மெல்ல மெல்ல ஆகுற சேதத்துக்கு பொதுவா பணம் வராது. எந்தத் தண்ணி எல்லை வரைக்கும் செல்லும், முங்கின போட்டை எடுக்குற செலவு அதுல அடக்கமா, மொத்தமாப் போனா பேசி வச்ச தொகை வருமா இல்ல அன்னைய மதிப்புதானா, இந்த மூணையும் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.

அப்ப உங்களுக்கு எது?

18-ல இருந்து 20 அடிக்குள்ள, கேபின் இல்லாத திறந்த போட், ஒரே ஒரு நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்கு வெளிய பின்பக்கம் மாட்டுற எஞ்சின்), டிரெய்லர்ல ஏத்துறது. அடி நடுத்தர வி வடிவம். வி ரொம்ப கூர்மையா, அமரப் பக்கத்துல 20 டிகிரிக்கு மேல இருந்தா அலையை அறுத்துக்கிட்டு சொகுசாப் போகும், ஆனா நிறுத்தி மீன் பிடிக்கிறப்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும், எஞ்சினும் பெருசா வேணும். தட்டை அடி நிறுத்தினா ஆடாது, ஆழம் குறைஞ்ச இடத்துலயும் போகும், வளைகுடாவுல சின்ன அலை வந்தா இடுப்பெலும்பு கழண்டு போற மாதிரி அடிக்கும். நீங்க ரெண்டு தண்ணியிலயும் போறவர், நடுவுல இருக்குறதுதான் பொருந்தும். அவுட்போர்டுன்னா வேலை முடிஞ்சதும் தண்ணியை விட்டுத் தூக்கி விட்டுடலாம், நல்ல தண்ணி விட்டு அலசலாம், கெட்டா எஞ்சினை மட்டும் மாத்தலாம், மேல சொன்ன மூடின எஞ்சின் அறை ஆபத்தும் பெரும்பாலும் போயிடும்.

வளைகுடா வேண்டாம், ஏரி மட்டும் போதும்னு முடிவு பண்ணா பான்டூன் பாருங்க, மிதக்குற குழாய்ங்க மேல தளம் போட்ட போட் அது. தளம் சமமா இருக்கும், பக்கத்துல கதவு இருக்கும், அப்பா படகுத்துறையில இருந்து நேரா நடந்தே உள்ள போகலாம். உங்க வீட்டுக்கு அதுதான் நிஜமாவே நல்லதுன்னு எனக்குத் தோணுது, ஆனா திறந்த தண்ணிக்கு அதைக் கொண்டுபோகாதீங்க. அலுமினியமா ஃபைபரான்னா, அலுமினியம் லேசு, இழுக்கச் சுலபம், ஆனா உப்புத் தண்ணியில வேற உலோகம் அதைத் தொட்டுக்கிட்டு இருந்தா அரிக்கும், பலியாகுற உலோகக் கட்டி, அதான் ஆனோடு, பாதி கரைஞ்சதும் மாத்திடணும்.

பாய்மரப் போட் பத்தி பொண்ணு கேட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அழகான விஷயம், ஆனா குடும்பத்துக்கான முதல் போட்டா வேண்டாம். கீல் (அடியில நீட்டிக்கிட்டு இருக்குற கனமான தகடு) வச்ச போட்டுக்கு தண்ணி மட்டத்துல 25 அடி நீளம் இருந்தாலும் வேகம் 6.7 நாட் (மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர்) பக்கத்துலயே நின்னுடும், காத்து இல்லைன்னா அதுவும் இல்ல, சின்னவன் அரை மணியில வீட்டுக்குப் போலாம்னுவான். பொண்ணை மட்டும் டிங்கி, அதாவது சின்னப் பாய்மரப் போட், கத்துக் குடுக்குற இடத்துல சேர்த்து விடுங்க. காத்து எங்க இருந்து வருதுன்னு கன்னத்துல உணர்ந்து ஓட்டக் கத்துக்கிட்ட பிள்ளை, பின்னாடி எந்த போட்டையும் ஓட்டும்.

மனைவியை எப்படி சம்மதிக்க வைக்கிறது

வைக்க வேண்டாம். அவங்க சொல்றதுதான் சரியான யோசனை. நான் சர்வே பண்ற போட்ல, வாங்கி ரெண்டு மூணு வருஷத்துல விலைக்கு வர்றது பலதும், வீட்டுல ஒருத்தர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினதுதான். அவங்களுக்கு எது பயம்னு உக்காந்து கேளுங்க: பணமா, பிள்ளைங்களா, குமட்டலா, இல்ல நீங்க இதுவரைக்கும் தனியா ஒரு போட்டும் ஓட்டினதில்லைங்கிறதா. கடைசி விஷயத்தை நீங்களே ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேணுமாங்கிறது இடத்துக்கு இடம் மாறும், வேண்டாம்னாலும் பயிற்சி எடுங்க, அவங்களும் சேர்ந்து எடுக்கட்டும். நீங்க தண்ணியில விழுந்தா போட்டைத் திருப்பிக் கொண்டு வர இன்னொருத்தருக்குத் தெரியணும்ல.

ஒரு சீசன் வாடகைக்கு எடுங்க. நல்ல வெயில் நாள்ல மட்டும் இல்லாம, கொஞ்சம் காத்தடிக்கிற நாள்லயும் கரையோரமா, ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க. எரிபொருள்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு அவசரத்துக்குன்னு பழகிக்கோங்க. சீசன் முடிவுல நிஜமா எத்தனை தடவை போனீங்கன்னு எண்ணிப் பாருங்க. மாசம் ரெண்டு தடவைன்னு நினைச்சது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையா ஆயிருந்தா வாடகையே லாபம், சொந்த போட்டே வேண்டாம். நண்பரோட பங்கு போட்டு வாங்குறதும் ஒரு வழிதான், ஆனா ரிப்பேர் யாரு செலவு, விடுமுறை நாள் யாருக்கு, ஒருத்தர் விலகினா என்ன விலைன்னு முதல்லயே எழுதி வச்சுக்கணும்.

இவ்வளவு சொல்லியும் அந்த 26 அடி மேலயே மனசு நிக்குதுன்னா, விக்கிறவருக்கு இப்படி எழுதி அனுப்புங்க: "என் சர்வேயர் கரையில ஏத்திப் பார்த்து, தண்ணியில ஓட்டிப் பார்த்து, எனக்குத் திருப்தின்னாதான் வாங்குவேன், இல்லைன்னா அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணும், இதை எழுத்துல குடுங்க. ஏத்துற செலவு என்னுது. நான் வர்ற அன்னைக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வைங்க." நியாயமா விக்கிறவர் இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டார். ஓட்டிப் பார்க்குறப்ப உங்க குடும்பத்து எடையை ஏத்திக்கிட்டு ஃபுல் த்ராட்டில் குடுங்க, கம்பெனி சொன்ன உச்ச ஆர்.பி.எம். வரைக்கும் போகலைன்னா ப்ரொப்பல்லர் தப்பு, இல்ல அடியில பாசி, இல்ல எஞ்சின் தளர்ந்து போச்சு. இன்னொரு பார்ட்டி அதுக்குள்ள வாங்கிட்டாங்கன்னா வாங்கட்டும், பழைய கேபின் போட் எப்பவும் எங்கயாவது விலைக்கு இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

இந்த சனிக்கிழமை அட்வான்ஸுக்குப் பதிலா ஒரு 18 அடி திறந்த போட்டை ஓட்டுறவரோட சேர்த்து அரை நாள் வாடகைக்கு எடுங்க, அஞ்சு பேரும் போங்க. அப்பா ஏறி இறங்குறதை மட்டும் நல்லாக் கவனிச்சு, எந்த உயரத்துல கால் திணறுது, எங்க கைப்பிடி தேடுறார்னு குறிச்சு வைங்க. சீசன் முடிஞ்சதும் அந்தக் குறிப்போட எழுதுங்க, எந்த நீளம், எத்தனை குதிரைத்திறன்னு அப்ப சேர்ந்து பார்க்கலாம்.